முடியாத கணக்கு

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2024 ஜூன் மாத இறுதியில், எங்கள் தெருவில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவர் நாளிதழும் கையுமாக வந்து திண்ணையில் அமர்ந்தார். பீரங்கிப் படையில் 17 ஆண்டுகள் பணியாற்றியவர். இடது காது கேளாது. ஆகவே அவரோடு பேசுவோர் வலப்பக்கம் அமர வேண்டும். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாயும், சிகிச்சை பெறுவோருக்கு 50,000 ரூபாயும் அரசு அறிவித்திருந்த வேளை அது. "குடித்துச் செத்தவனுக்குப் பத்து இலட்சமா? இவர்கள் எல்லையில் நின்றார்களா, ஐயா?" என்றார்.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமன்று. இறந்தவர்கள் விடுதலைப் போராட்ட வீரர்களோ, சமுதாயத்துக்காக உயிர் நீத்தவர்களோ அல்லர் என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஒரு பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. தொகை அதிகமே என்று நீதிபதிகளும் வாய்மொழியாகக் குறிப்பிட்டனர். நம் பங்கு மக்களிடையேகூட, பூசை முடிந்து வெளியே வந்த கையோடு இதையே பேசியவர்களை நான் அறிவேன். எனவே இதைக் கல்நெஞ்சரின் கேள்வி என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஒருவர் நோயுறும்போது அரசு அவரைத் தாங்க வேண்டுமெனில், அந்த உரிமை எதனால் பிறக்கிறது? தியாகத்தாலா, இழைக்கப்பட்ட தீங்காலா, அல்லது நோயுற்றதாலேயேவா?

நண்பர் படைவீரரை அளவுகோலாக வைத்தார். அவ்வளவுகோலையே சற்று உற்று நோக்குவோம். 1945 முதல் 1962 வரை அமெரிக்கா வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளில் அந்நாட்டின் படையினர் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஈடுபடுத்தப்பட்டனர். நெவாடா பாலைவனத்தில் அவர்களைப் பதுங்கு குழிகளில் அமர்த்தி, கண்களை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குண்டை வெடித்தார்கள். மூடிய இமைகளின் ஊடே தங்கள் கை எலும்புகளைக் கண்டதாக அவர்களில் பலர் பின்னாளில் கூறினர். எதிரி எவரும் அங்கில்லை. அவர்கள் வீரச்செயல் எதுவும் புரியவில்லை. உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார்கள், அவ்வளவே. பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வந்தபோது, மருத்துவரிடம்கூட நடந்ததைக் கூறவொட்டாமல் இரகசியக் காப்பு உறுதிமொழி அவர்களின் வாயைக் கட்டியிருந்தது. அந்தக் கட்டு 1996இல்தான் அவிழ்க்கப்பட்டது.

இவர்களுக்கு அரசு மருத்துவ உதவி அளிப்பதில் இருந்த பெரிய இடர் பணமன்று, அத்தாட்சி. கதிர்வீச்சு தன் கையொப்பத்தை இட்டுச் செல்வதில்லை. புகையால் வந்த புற்றும் குண்டால் வந்த புற்றும் பார்வைக்கு ஒன்றே. 'உன் நோய் எங்களால் வந்தது என்று நிறுவு' என்றது அரசு. நிறுவுவதற்கான ஏடுகளோ அரசிடமே இருந்தன. அவற்றிலும் பல இல்லாமற்போயின. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் எரிந்துபோயின. தன் வீட்டில் எரிந்த தாளைப் பிறன் கொண்டுவர வேண்டும் என்று கேட்பது எத்தகைய நீதி? 1988இல் ஒரு சட்டம் இதற்கு ஓரளவு விடை கண்டது. சோதனைக் களத்தில் இருந்தவருக்குக் குறிப்பிட்ட புற்றுநோய்கள் சில வந்தால், அவை அங்கிருந்தே வந்தன எனக் கொள்ள வேண்டும் என்றது. ஐயத்தின் பயன் நோயாளிக்குச் சேரட்டும் என்பதே அதன் உட்பொருள்.

அப்போதும் வாயிற்படி குறுகலாகவே இருந்தது. பசிபிக்கில் எனிவெட்டாக் தீவுகளில் 1977 முதல் 1980 வரை கதிரியக்க மண்ணை அள்ளிக் குண்டுக் குழியில் கொட்டி மூடிய படையினர், 'நீங்கள் வெடிப்பின்போது அங்கில்லையே' என்று திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களை உள்ளே விட்டது 2022 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம்தான். பிரிட்டனில் நிலைமை இன்னும் கசப்பானது. தங்கள் அரசு மீது வழக்குத் தொடுத்த சோதனைக்கள வீரர்களின் முறையீடு காலங்கடந்தது என்று 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகளுக்குப்பின் பதக்கம் அறிவித்தார்கள். (பதக்கம் கொடுப்பது மருந்து கொடுப்பதைவிட எப்போதுமே எளிது.) கிறிஸ்துமஸ் தீவுக்குத் தன் வீரர்களை அனுப்பியிருந்த பிஜி நாடோ, பிரிட்டனை எதிர்பார்த்துப் பயனில்லை எனக் கண்டு, 2015இல் எஞ்சியிருந்த முதியவர்களுக்குத் தன் கருவூலத்திலிருந்தே உதவித்தொகை வழங்கியது. தீங்கிழைத்தது பிஜி அரசன்று. ஆயினும் தன் மக்கள் என்பதால் கொடுத்தது.

நம் நாட்டிலும் இக்கோட்பாடு இல்லாமலில்லை. படையில் சேரும்போது நலமாயிருந்ததாகப் பதிவானவர் பின்னர் நோயினால் விடுவிக்கப்பட்டால், அந்நோய் பணியால் வந்ததெனவே கொள்ள வேண்டும். அல்லவெனில் அதை நிறுவும் பொறுப்பு அரசுடையது என்று 2013 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது.

இவையனைத்தையும் நண்பரிடம் நான் கூறியபோது அவர் மறுக்கவில்லை. மறுப்பாரா? ஆனால் கருணாபுரத்துக்கும் நெவாடாவுக்கும் உள்ள தொலைவை அவர் விடவில்லை. "அவனை உட்கார வைத்தது அதிகாரி. இவனை யார் உட்கார வைத்தது?"

நியாயமான கேள்வி. இரண்டும் ஒன்றென்று நான் வாதிட மாட்டேன். குடிக்கச் சென்றவர் தம் காலால் நடந்து சென்றார். எனினும் அவர் வாங்கியது சாராயம்; உள்ளே சென்றது மெத்தனால். அதை அறிந்திருக்க வேண்டியவர்கள், தடுத்திருக்க வேண்டியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டதும், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் அரசே தன் பங்கை ஓரளவு ஒப்புக்கொண்டதன் அடையாளங்களன்றோ? அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. தன் குற்றமும் பிறர் குற்றமும் ஓர் உடலில் கலந்துவிட்டால், விகிதாசாரம் பார்த்தா மருந்து ஊற்றுவது?

தொகையைப் பற்றிய நீதிபதிகளின் தயக்கத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. பட்டாசு ஆலையில் வெந்து மடிந்தவரின் மனைவிக்குக் குறைவாகவும் இவர்களுக்கு அதிகமாகவும் கொடுத்தால் ஏழைக்கு ஏழை பகையாவான். ஆனால் மொத்தத் தொகை வேறு, மருத்துவம் வேறு. மொத்தத் தொகை கணக்கை முடித்துவிடுகிறது. காசோலையோடு நிழற்படமும் எடுத்தாயிற்று, இனி வராதே என்கிறது. மெத்தனாலோ பார்வை நரம்பைத் தின்பது. பிழைத்தும் ஒளியிழந்த ஒருவருக்கு 50,000 ரூபாய் எத்தனை மாதம் வரும்? நல்ல சமாரியர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக அவர் கணக்கைத் திறந்தே விட்டுச் சென்றதை அவ்வளவாக நினைப்பதில்லை. அந்த மனிதரை அடித்தவரும் சமாரியர் அல்லர். கள்வர் திரியும் வழியில் தனியே ஏன் வந்தாய் என்றும் அவர் கேட்கவில்லை.

திருத்தந்தை 23ஆம் யோவான் 1963 ஏப்ரலில் வெளியிட்ட 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில் இவ்விரண்டு செய்திகளும் இடம்பெற்றிருப்பது தற்செயலாக இருக்கலாம். மருத்துவ உதவியை மனித உரிமைகளின் வரிசையிலேயே, உணவுக்கும் உடைக்கும் உறையுளுக்கும் அருகே, வைக்கிறார். அதே மடலில், போருக்கான அணுச் சோதனைகள் தொடர்ந்தால் உயிரினங்களுக்கு விளையக்கூடிய கேட்டையும் எச்சரிக்கிறார். உரிமை மனிதனாய் இருப்பதால் வருவது, விருதாக வருவதன்று.

அரசு மருத்துவமனைதான் எல்லாருக்கும் திறந்திருக்கிறதே என்பார்கள். உண்மை; சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் மேற்கே நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை தெரிகிறது. 1976 வரை ஜாகீர்தார்கள் மூவரின் கையில் இருந்த மலை. அவர்களின் நிலத்தில் கூலியின்றி உழைத்த மலையாளிப் பழங்குடியினரின் வளைந்த முதுகுக்கும் நைந்த நுரையீரலுக்கும் எந்த ஏட்டில் பதிவு? எரிந்துபோக அங்கே கோப்பே இருந்ததில்லை. சாராய வழக்குகள் வரும்போதுதான் அம்மலையின் பெயர் நாளிதழில் இடம்பெறுகிறது. கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பிறகே, 2024 ஜூலையில், உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அம்மக்களின் சாலை, மருத்துவம், கல்வி ஆகியவை பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டது. நோயாளியை டோலி கட்டித் தூக்கி வரவேண்டிய ஊருக்கு, 'கதவு திறந்திருக்கிறது' என்று சொல்வதில் என்ன பொருள்?

அன்று மாலை வெகுநேரம் பேசினோம். இருட்டியபின் நண்பர் தம் காதைப் பற்றிக் கூறினார். பீரங்கி முழக்கத்தருகே 17 ஆண்டுகள் நின்ற காது. ஆயினும் அது பணியால் வந்ததன்று என மருத்துவக் குழு எழுதிவிட்டதாம். அன்றிலிருந்து ஒரு கோப்பைச் சுமந்தபடி அலைகிறார். அதுவரை அதை எனக்குச் சொன்னதில்லை.

எழுந்தவர் படியில் நின்றார். "அந்தக் கண் போனவர்களிடமும் அத்தாட்சி கேட்பார்களா, ஐயா?"

"கேட்பார்கள்" என்றேன். கேட்கவில்லை போலும், வலப்பக்கமாகச் சென்று மறுபடியும் சொன்னேன்.