பஞ்சும் நெருப்பும்

கல்முனைக்குடியில் எங்கள் வீட்டுக் குசினி வாசலருகே தீயணைப்புக் கருவி ஒன்றை மாட்டுவதற்காகச் சுவரில் நான் ஆணி அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், அஸர் தொழுகையை முடித்துவிட்டு முசல்லாவிலேயே அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த என் மூத்தம்மா, அந்தச் சிவப்பு நிற உருளையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்திருந்துவிட்டு, "மனே, அல்லாஹ் எழுதினத்த இது அழிச்சுப்போடுமா?" என்று கேட்டார். அவர் குரலில் பரிகாசம் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலையில் கடல் எழுந்து வந்து, அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதரை வாரிச் சென்றதை நேரிற் கண்டு, அந்தத் துயரத்தையெல்லாம் 'களா கத்ர்' என்னும் இரண்டு சொற்களுக்குள் அடக்கி மனத்தைத் தேற்றிக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையில் இக்கேள்வியைக் கேட்காத முதியோர் இருக்கும் வீடு அரிதென்றே நினைக்கிறேன்.

"இதுவும் அவன் எழுதினதுதான் மூத்தம்மா" என்று அன்று நான் சொன்ன மறுமொழி, என் சொந்த புத்தியில் உதித்ததன்று. கலீபா உமர் (ரழி) அவர்களிடமிருந்து இரவல் பெற்றது. ஷாம் தேசத்தை நோக்கிப் பிரயாணம் செய்த உமர் அவர்கள், ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கேட்டு, தம்முடன் வந்தோரோடு ஆலோசித்துத் திரும்பிச் செல்லத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியைக் கண்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்க, ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்னும் கருத்தில் உமர் அவர்கள் விடையளித்ததோடு, ஒரு பக்கம் செழிப்பும் மறுபக்கம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகங்களை எப்பக்கத்தில் மேய்த்தாலும் அது இறைவனின் விதிப்படிதானே என்று உவமையும் கூறினார்கள். நோய்க்குச் சொன்ன அந்த நியாயம் நெருப்புக்கும் பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆயினும் மூத்தம்மாவின் வினாவுக்கு இன்னும் ஆழமான ஒரு வேர் உண்டு. நெருப்பு உண்மையிலேயே சுடுகிறதா, அன்றி அதன் சந்நிதானத்தில் இறைவன் சுடுகிறானா என்ற விசாரத்தைப் பதினோராம் நூற்றாண்டின் இறுதியிலேயே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'தஹாபுதுல் பலாஸிபா' என்னும் நூலில் எழுப்பினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணமும் பஞ்சுதான். தறிச் சத்தமும் நூற் சிட்டங்களும் நிறைந்த மருதமுனையை அண்டி வாழும் நமக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் வேறு எது? பஞ்சு தீயோடு சேர்ந்தபோது எரிவதை நாம் காண்கிறோமேயன்றி, தீயே எரித்தது என்பதைக் காண்பதில்லை. இரண்டையும் ஒருங்கே நிகழச் செய்பவன் கர்த்தாவாகிய இறைவனே. ஆகையால் நம்ரூதின் நெருப்பு இப்றாஹீம் நபி (அலை) அவர்களைத் தீண்டாது குளிர்ந்தமை அசம்பாவிதம் அன்று என்பது அவர்களுடைய சித்தாந்தம். 1198 இல் காலஞ்சென்ற இப்னு றுஷ்து அவர்கள் இதற்கு மறுப்பெழுதி, காரண காரிய சம்பந்தத்தை மறுப்பவன் அறிவையே மறுத்தவனாகிறான் என்று வாதித்தார்கள்.

இவ்விருவருள் யார் பக்கம் நிற்பது என்னும் தீர்ப்பை நான் வழங்கப்போவதில்லை. என்னைக் கவர்வது வேறொன்று. கஸ்ஸாலி அவர்களின் கோட்பாட்டைக் கேட்ட மாத்திரத்தில், அப்படியானால் பஞ்சைத் தீயருகே வைத்தால்தான் என்ன என்று ஒருவன் நினைக்கக்கூடும். ஆனால் அதே இமாம், 'இஹ்யாஉ உலூமித்தீன்' நூலில் தவக்குலை, அதாவது இறைவன்மீது பொறுப்புச் சாட்டுதலைப் பற்றி எழுதும்போது, பசித்தவன் எதிரே உணவு இருக்கக் கையை நீட்டாமல் நிறைவு தானே வந்து சேருமென்று காத்திருப்பானாயின் அது தவக்குல் ஆகாது, பைத்தியமே ஆகும் என்ற கருத்தை வலியுறுத்தியிருக்கிறார்கள். இறைவன் தன் படைப்பில் மாறாத ஒரு வழக்கத்தை ஏற்படுத்தி வைத்திருக்கிறான். அவ்வழக்கத்தை அறிந்து அதன்படி ஒழுகுவது அவனுக்குச் செய்யும் மரியாதை. வழக்கத்தை மீறும் அற்புதத்தைத் தனக்கென எதிர்பார்த்திருப்பது அவனைச் சோதிப்பதாகும் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

நபி (ஸல்) அவர்களின் வழி இன்னும் எளிமையானது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு தீப்பற்றிய செய்தி எட்டியபோது, இந்த நெருப்பு உங்களுக்குப் பகைவன், உறங்கப்போகுமுன் அதனை அணைத்துவிடுங்கள் என்று அவர்கள் அறிவுறுத்தியதாக அபூ மூஸா அல் அஷ்அரி (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று விளக்கின் அபாயத்தைக் காரணத்தோடு எடுத்துரைத்த அறிவிப்பும் உண்டு. அந்த எலியை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. வஹீ இறங்கிய வீட்டில் வாழ்ந்த ஒரு மகான், ஓர் எலியின் சஞ்சாரத்தையும் ஒரு திரியின் கதியையும் பொருட்படுத்தி மக்களுக்குப் போதித்திருக்கிறார்கள் என்றால், தீ எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு பரவுகிறது என்று ஆராயும் அறிவு மார்க்கத்துக்குப் புறம்பானது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அந்த அறிவை அசட்டை செய்ததனால் விளைந்த கொடுமை ஒன்றை நம் காலத்திலேயே கண்டோம். நம் கரையிலிருந்தும் நேர்ச்சை வைத்துப் பலர் செல்லும் ஏர்வாடியில், இராமநாதபுரம் மாவட்டத்துத் தர்காவைச் சூழ்ந்திருந்த தனியார் மனநோயாளர் காப்பகங்களுள் ஒன்றில், 2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி அதிகாலை கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் ஓட வழியின்றித் துடித்தார்கள். 28 பேர் மாண்டார்கள். குணம் கிடைக்கும் என்னும் நம்பிக்கையோடு உறவினர் கொண்டுவந்து விட்டுச்சென்றவர்கள் அவர்கள். அந்த உறவினரின் நம்பிக்கையை நான் குறைகூறேன். ஓலைக் கூரையின் கீழ் மனிதரைச் சங்கிலியிட்டுவிட்டு, தீ மூண்டால் அவிழ்ப்பவர் யார் என்று யோசியாதிருந்தவர்களின் செயலைத் தவக்குல் என்ற சொல்லால் மூட எவருக்கும் உரிமை இல்லை என்பதே நான் சொல்ல வருவது.

சாதனத்தைத் தேடுவது கடமை என்று ஒப்புக்கொண்ட பின்னர், எந்தச் சாதனம் என்னும் வினா எழுகிறது. கடையில் முதலிற் கண்ட உருளையை வாங்கி வந்து மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களே நம்மிற் பெரும்பாலோர். நெருப்புக்கோ ஒரே சுபாவம் இல்லை. மரம், காகிதம், பஞ்சு முதலிய திண்மங்களில் பற்றுவது ஏ வகுப்பு. பெற்றோல், மண்ணெண்ணெய் முதலிய திரவங்களில் பற்றுவது பீ. சமையல் வாயு போன்றவற்றில் பற்றுவது சீ. சமையல் எண்ணெயிலும் கொழுப்பிலும் பற்றும் தீக்கு எஃப் என்று தனி வகுப்பே உண்டு. உருளையின் மேல் இருக்கும் வர்ணப் பட்டியும், பிரித்தானிய முறைப்படி, உள்ளே இருப்பதை அறிவிக்கும்: பால்மஞ்சள் நுரைக்கு, நீலம் உலர் தூளுக்கு, கறுப்பு காபனீரொட்சைட்டுக்கு, மஞ்சள் எண்ணெய்த் தீக்குரிய ஈர இரசாயனத்துக்கு, முழுச் சிவப்பு தண்ணீருக்கு.

றமழான் மாதத்தில், மஃரிப் பாங்குக்கு அரை மணி நேரம் இருக்கையில், நம் குசினிகளை நினைத்துப் பாருங்கள். சமூசாவும் ரோல்ஸும் பொரியும் தாச்சியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கிறது. பொரிப்பவர் கஞ்சியைப் பார்க்க ஒரு கணம் திரும்புகிறார். எண்ணெயில் தீ எழுகிறது. அந்நேரத்தில் கைக்கு எட்டுவது தண்ணீர்க் குடம். 300 பாகை செல்சியசைக் கடந்த எண்ணெயில் விழும் தண்ணீர், எண்ணெயைவிடப் பாரமானதாகையால் அடியிற் சென்று, அங்கே நீராவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை மட்டும் வீசியெறியும். அணைக்க வந்த கையே கொளுத்தும் கையாகிவிடுகிறது. அடுப்பை நிறுத்துவதும், மூடியால் அல்லது தீப்போர்வையால் தாச்சியை மூடிவிட்டு, நன்றாக ஆறும்வரை திறவாதிருப்பதுமே வீட்டார் செய்யத்தக்கது. பெரிய கடைகளில் ஈர இரசாயனக் கருவி வேண்டும். அதிலுள்ள பொற்றாசிய உப்புக் கரைசல் கொதிக்கும் கொழுப்போடு கலந்து சவர்க்காரமாக மாறி, எண்ணெயின் மேல் ஒரு போர்வையாகப் படிகிறது. கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் சவர்க்காரம் ஆக்கும் அதே நியதி ஒரு வீட்டைக் காக்கவும் உதவுவதை அறிந்தபோது, படைத்தவனைத் துதிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

வாயுத் தீயின் சங்கதி வேறு. 2021 இன் இறுதி மாதங்களில் இத்தீவெங்கும் சமையல் வாயு வெடிப்புகள் நிகழ்ந்து, புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியமையைப் பற்றி விசாரணைகளும் நடந்ததை எவரும் மறந்திரார். எரிந்துகொண்டிருக்கும் வாயுச் சுவாலையை மட்டும் அணைத்துவிட்டு, வால்வை மூடாமல் விடுவது பேரபாயம். காற்றைவிடப் பாரமான அவ்வாயு தரையில் தேங்கி, அடுத்த பொறிக்காகக் காத்திருக்கும். எட்ட முடிந்தால் வால்வை மூடுவதே முதற் காரியம். முடியாவிட்டால் வீட்டாரை வெளியேற்றிக்கொண்டு விலகுவது.

அலுவலகங்களில் கணினிகளும் மின்கம்பிகளும் இருப்பதால், மின்சாரத்தைத் துண்டித்தபின் காபனீரொட்சைட்டை உபயோகிப்பது உசிதம். அது எச்சம் வையாது. எனினும் அதன் கொம்புக்குழாய் கடுங்குளிராவதால் வெறுங்கையால் பிடிக்கலாகாது; சிறிய அறையில் அடித்தால் மனிதருக்கு வேண்டிய ஒட்சிசனையும் குறைத்துவிடும். ஏ, பீ, சீ மூன்றுக்கும் ஏற்ற உலர் தூள் நம் ஊர் வீடுகளுக்கு மிகவும் பயன்படும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் மருதமுனைத் தறிக்கொட்டில்களுக்கு அது தனித்துப் போதாது. பஞ்சுப் பொதியின் மேற்புறச் சுவாலையைத் தூள் அடக்கும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் தணலைக் குளிரச் செய்யாது. சற்று நேரத்தில் தீ மீண்டும் எழும். அங்கே 9 லீற்றர் தண்ணீர்க் கருவி அவசியம். கஸ்ஸாலி அவர்களின் பஞ்சுக்கும் இந்த உண்மை பொருந்தும்.

மீண்டும் எழும் தீக்கு நம் கடலே சாட்சி. 2020 செப்டெம்பர் 3 ஆம் திகதி, குவைத்திலிருந்து சுமார் 2,70,000 தொன் மசகெண்ணெயோடு இந்தியாவின் பரதீப் துறைமுகம் நோக்கிச் சென்ற 'நியூ டயமண்ட்' கப்பல், சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே சுமார் 38 கடல் மைல் தூரத்தில், இயந்திர அறையில் ஏற்பட்ட வெடிப்பினால் தீப்பற்றியது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். இலங்கை, இந்தியப் படையினரும் இழுவைப் படகினரும் போராடித் தீயைக் கட்டுப்படுத்திய பின்னரும், 7 ஆம் திகதி அது மறுபடி மூண்டது. 9 ஆம் திகதியே முற்றாக அணைந்தது. சூடேறிய இரும்பு, சுவாலை மறைந்த பின்பும் தன் உக்கிரத்தை விடுவதில்லை. அந்த எண்ணெய் முழுவதும் கடலிற் கலந்திருந்தால் நம் கரைவலைக்காரர் பல தலைமுறைக்குக் கண்ணீர் வடித்திருப்பர்.

இனி, மூத்தம்மாவின் கேள்விக்கு மறுபுறத்திலிருந்தும் ஒரு நியாயம் உண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கருவியை வாங்கி மாட்டியவுடன் அச்சம் நீங்கி, அதன்பின் ஐந்து வருடமாக அதனைத் திரும்பியும் பாராதிருப்பவன், சாதனத்தை நாடியவன் ஆகான். அவன் சுவரில் ஒரு தாயத்தைத் தொங்கவிட்டவன். அமுக்கமானியின் முள் பச்சையை விட்டு இறங்கியிருக்கும். தூள் உள்ளே இறுகிக் கட்டியாகியிருக்கும். ஊசியை எப்படி இழுப்பது, நெஞ்சுயரத்துச் சுவாலையை விட்டுவிட்டுத் தீயின் அடியை நோக்கி எப்படி வீசுவது என்பது அவ்வீட்டில் எவருக்கும் தெரிந்திராது. அடுப்புக்கு நேர் மேலேயே மாட்டியிருப்பார்கள். தீ மூண்டால் அதனை எடுக்கத் தீக்குள்ளேதான் கை நீட்ட வேண்டும். ஒரு சிறு தூள் உருளை பத்து விநாடி வரையில்தான் பேசும். அறியாதவன் கையில் அந்தப் பத்து விநாடியும் கூரையை நோக்கியே போய்விடும். வழிபாட்டை இறைவனுக்கன்றி வேறெதற்கும் செலுத்தலாகாதென்ற நம் மார்க்கத்தின் அடிப்படையை ஒரு சிவப்பு உருளையின் விஷயத்திலும் நாம் நினைவிற்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்று மாலை ஆணியை அடித்து முடித்தபின், குசினிக்குள் இருந்த இடத்தை மாற்றி, வாசற்படிக்கு வெளியே கை எட்டும் உயரத்தில் அதனை மாட்டினேன். ஊசி எங்கே, பிடி எங்கே என்று மூத்தம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தேன். அவர் பிஸ்மில்லாஹ் சொல்லி அதன் பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

நம் கரையூர்ப் பள்ளிவாசல் நிர்வாக சபையாருக்கும், மத்ரஸா நடத்துவோருக்கும், கடை வைத்திருப்போருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டம் கலையுமுன், சுவரில் தொங்கும் உருளையை இறக்கி, அதன் முள் எந்த நிறத்தில் நிற்கிறது, பட்டி எந்த வர்ணம், அது உங்கள் இடத்துத் தீக்கு ஏற்றதுதானா என்று பாருங்கள்; பார்த்ததை அங்குள்ள பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.