வரப்பில் நின்ற மூன்றாவது ஆள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் கண்ணமங்கலம். என் சித்தப்பா முப்பது வருஷமாக ஊரார் நெல்லுக்கு மருந்தடித்துக் கூலி வாங்குபவர். முதுகில் டேங்க், மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. ராத்திரி சோற்றுத் தட்டின் முன் உட்காரும்போது "கண்ணு எரியுது" என்பார். வைத்தியம் அத்தோடு முடிந்தது.

போன பட்டத்தில் பக்கத்து நிலத்துக்கு வாடகை ட்ரோன் வந்தது. பத்து லிட்டர் மருந்துநீரில் ஒரு ஏக்கர், பத்து நிமிஷத்தில் முடிந்தது. நான் படித்ததும் இந்தப் படிப்புதான் என்பதால் கொஞ்சம் பெருமையாக நின்றேன். சித்தப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லதுதான்டா, இனிமே எவன் கண்ணும் எரியாது. ஆனா எனக்கு என்ன வேலை?"

இதில் முதல் வாக்கியத்தை லேசாகத் தாண்ட முடியாது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில், பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் விஷமேறிச் செத்தார்கள். ட்ரோன் அந்த உடம்புகளை மருந்திலிருந்து தள்ளி நிறுத்துகிறது. இரண்டாவது வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

தமிழ்நாட்டில் ட்ரோன் ஆய்வு என்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம்தான் நினைவுக்கு வரும். அங்கே உருவான 'தக்‌ஷா' மாணவர் அணி, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அணியின் ஆலோசகர் நடிகர் அஜித்குமார் என்பதால் நமக்கெல்லாம் அது தெரியும். பிறகு அதே பெயரில் ஒரு நிறுவனம் வந்தது. 2023-இல் அதன் பெரும்பான்மைப் பங்கை உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கோரமண்டல் இன்டர்நேஷனல் வாங்கியது.

இதில் சதி எதுவும் இல்லை. தொழில்துறை கைகொடுக்காவிட்டால் ஆய்வகத்து மாதிரி அலமாரியிலேயே தூசு படியும். எம்.ஐ.டி.யே 1949-இல் சி. ராஜம் என்ற தொழிலதிபரின் பணத்தில் எழுந்ததுதான். ஆனால் அது கொடை. ஒப்பந்தம் வேறு. ஒப்பந்தத்தில் பணம் தருபவர் கேள்வியையும் சேர்த்துத் தருகிறார். 'ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர்?' என்று கேட்க ஆள் இருக்கிறது. 'மருந்தையே குறைக்க முடியுமா?' என்று மருந்து விற்பவர் ஏன் கேட்கப்போகிறார்? அதைக் கேட்கவேண்டியது பல்கலைக்கழகம். அது ஊர்ப் பணத்தில் நடப்பது.

ஆய்வகம் என்ன வேலைவாய்ப்பு அலுவலகமா என்று என் நண்பன் கேட்டான். இல்லைதான். ஆனால் கருவி யார் கைக்குப் போகிறது என்பது இயற்கை விதி அல்ல, யாரோ எடுக்கும் முடிவு. 2023-இல் ஒன்றிய அரசு, 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தருவதென்று முடிவெடுத்தது. அதற்கு முன்பே, ட்ரோன் ஓட்டும் சான்றிதழுக்குப் பத்தாம் வகுப்பு தேறியிருக்கவேண்டும் என்று 2021 விதிகள் சொல்லிவிட்டன. சித்தப்பா ஐந்தாவதோடு நின்றவர். முப்பது வருஷம் விஷத்தைச் சுமந்தவருக்கு, விஷமில்லாத வேலைக்குத் தகுதியில்லை.

அன்று ட்ரோன் இறங்கியதும் அவர் இன்னொன்றும் கேட்டார்: "காத்து மேக்கால இருந்து வருது. கீழண்டை கீரைப்பாத்தி இருக்கே, அதுக்குத் தெரியுமா?"

ஓட்ட வந்த பையன் என்னைப் பார்த்தான். நான் கீரைப்பாத்தியைப் பார்த்தேன். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.