கோதுமையைக் கடலில் எறிந்தவர்கள்



விமானத்திலிருந்து பயிருக்கு மருந்து தெளிப்பதை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். 1921 ஆகஸ்ட் 3 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊருக்கருகே, ஜான் மக்ரெடி என்ற ராணுவ விமானி, கட்டால்பா மரங்களைத் தின்றுகொண்டிருந்த புழுக்கள்மேல் ஈய ஆர்சனேட் தூளைத் தூவினார். விமானத்திலிருந்து மருந்து தெளிப்பது அங்கே தொடங்கியது. இன்றைய ஏர் டிராக்டர் 802 விமானம் ஏறக்குறைய 3,000 லிட்டர் மருந்தைச் சுமந்து பறக்கிறது. பயிருக்கும் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர்தான். நம் கோவில் வாசற்கதவின் உயரம். வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல்.

அந்த உயரத்தில் எஞ்சின் நின்றுபோனால் யோசிக்க நேரமில்லை. விமானியின் கை தேடுவது ஒரு நெம்புகோலை. அதைத் தள்ளினால் தொட்டியின் அடிக்கதவு திறந்து, சில நொடிகளில் மருந்தெல்லாம் கீழே போய்விடும். பாரம் குறைந்த விமானம் மெதுவான வேகத்திலேயே தரையைத் தொட முடியும். பிறகு மூக்கைத் தாழ்த்தி, நேர் எதிரே கிடைக்கிற வயலில் இறக்க வேண்டும். ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்த்து, திருப்பத்திலேயே விழுந்து இறந்தவர்கள் உண்டு. மூக்கைத் தாழ்த்துவதைத் தாழ்ச்சிக்கு உவமையாக்க எந்தச் சாமியாருக்கும் ஆசை வரும். எனக்கும் வருகிறது, விட்டுவிடுகிறேன். என் மனம் அந்த நெம்புகோலிலேயே நிற்கிறது. ஏனென்றால் கொட்டப்படுவது குப்பையல்ல. ஒரு விவசாயி காசு கொடுத்து வாங்கிய மருந்து அது. மொத்தமாகக் கொட்டிய இடத்தில் பயிர் கருகவும் கூடும்.

திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தில் கைதியாகப் பவுல் ஏறிய அலெக்சாந்திரியக் கப்பலிலும் இப்படி நல்ல பொருளைக் கொட்ட வேண்டி வந்தது. புயலில் முதலில் சரக்கு போனது. மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்கள். பதினான்கு இரவுகள் கழித்து, வயிறார உண்டபின், கோதுமையையும் கடலில் எறிந்தார்கள். விடிந்ததும் முன்பின் அறியாத ஒரு மணற்கரையை நோக்கிக் கப்பலை விட்டார்கள். கப்பல் உடைந்தது. 276 பேரும் பிழைத்தார்கள்.

பாவத்தை விடுங்கள் என்று நாங்கள் பீடத்திலிருந்து ஓயாமல் சொல்கிறோம். நல்லதையும் விட வேண்டிய நாள் வரும் என்று அதிகம் சொல்வதில்லை. ஒருவருடைய தாத்தா தொடங்கிய கடை நொடித்துவிட்டது என்று வையுங்கள். அதைக் காப்பாற்ற வீட்டு நகை போகிறது, பிறகு நிலம், பிறகு தூக்கம். ஊர் என்ன சொல்லுமோ என்று கடைச் சாவியை மட்டும் கை விடுவதில்லை. கடை நல்லதுதான், கோதுமையும் நல்லதுதான்.

கடலுக்குப் போன கோதுமைக்கு ஒரு சொந்தக்காரன் இருந்திருப்பான். கப்பல் உரிமையாளரைப் பற்றி, திருத்தூதர் பணிகளை எழுதிய லூக்கா ஓரிடத்தில் சொல்கிறார். கரையேறியபின் அவர் என்ன ஆனார் என்று எழுதவில்லை. அவர்கள் ஒதுங்கிய மால்தாத் தீவின் மக்கள் மழைக்கும் குளிருக்கும் தீ மூட்டி எல்லாரையும் வரவேற்றார்கள் என்பதை மட்டும் எழுதியிருக்கிறார். கைதிக்கும் படைவீரனுக்கும் அதே தீ.

கடையை மூடிவிட்டு வீட்டில் முடங்கிக் கிடப்பவர் நம் பங்கிலும் இருப்பார். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். எவ்வளவு போனது என்று கேட்க வேண்டாம்.