கேட்டறிதலும் கைங்கரியமே

நோயாளியின் நாடியையும் உடற்சூட்டையும் குறித்துக்கொள்ளும் செவிலியர், அவர் வழிபாட்டையும் நியமங்களையும் கேட்டறியலாமா? அஃது அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்பர் சிலர். ஆயின், ஏகாதசி உபவாசமிருக்கும் நீரிழிவு நோயாளி அதனை உரையாமல் வழக்கமான அளவு இன்சுலின் ஏற்பின், இரத்தச் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். அங்கே கேளாமை மரியாதையாகுமா?

கேட்கும் முறையே முக்கியம். தேவாலாவை அடுத்த கூடலூரில் 1990-ல் தொடங்கப்பெற்ற ஆதிவாசி மருத்துவமனையில், பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராயினர். தம் மொழியும் வழக்கமும் அறிந்தவர் வினவும்போது நோயாளியின் கூச்சம் அகலுகிறது.

நலமாயிருக்கையில் தன்னை நினைந்தவனை, அவன் கட்டைபோலும் கல்போலும் கிடக்குங்கால் தானே நினைப்பதாக எம்பெருமான் அருளியதை வராஹ சரம ச்லோகம் உணர்த்தும். செவிலியர்க்கும் அதுவே நெறி. நினைவுள்ளபோது கேட்டு வைத்து, நினைவு தப்பியபோது நோயாளியின் பொருட்டுத் தாம் மறவாதிருத்தல் வேண்டும். துளசி தீர்த்தம் வேண்டியவர்க்கு, மருத்துவர் இசைவுடன், அது கிட்டட்டும். தம் சமயத்தைப் பிறர்மேல் புகுத்துதல் தகாது. 'எனக்கு வழிபாடு ஏதுமில்லை' என்பாரது விடையும் அதே மதிப்புடன் ஏட்டில் ஏறுக. அவ்வாறு செய்யும் பணிவிடையே கைங்கரியமாகும்.