இல்லக் காவலும் இரட்டைக்குழல் துப்பாக்கியும்

இல்லறத்தில் வாழும் சிராவகன் தன் வீட்டையும் மக்களையும் காத்துக்கொள்ளத் துப்பாக்கி வைத்திருக்கலாமா? அகிம்சையைப் பரம தருமமாகக் கொண்ட சமயத்தில் இக்கேள்விக்கே இடமில்லை என்று சிலர் கருதலாம். ஆயினும் கேள்வி எழுந்துகொண்டுதான் இருக்கிறது. தாம்பரத்திற்குத் தெற்கேயும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியும் தனி வீடுகள் பெருகிவிட்டன. கோவளம் போன்ற ஊர்களில் பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, முதியோர் இருவர் மட்டும் தோப்பு நடுவே ஒரு வீட்டில் இரவைக் கழிக்கும் நிலை உண்டு. கடலோசையன்றி வேறு ஓசை கேளாத அவ்விரவில் வேலியருகே ஒரு காலடி கேட்டால் நெஞ்சு நடுங்குவது இயல்பே. அவ்வச்சத்தை இகழ்ந்து பேசுவது அறமாகாது.

அச்சத்திற்குக் காரணமும் இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கும்மிடிப்பூண்டிச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த கே. சுதர்சனம் அவர்கள், பெரியபாளையத்தை அடுத்த தம் இல்லத்திலேயே பவாரியாக் கொள்ளைக் கூட்டத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நெடுஞ்சாலைகளை ஒட்டிய வீடுகளைக் குறிவைத்து இரவில் புகுந்து தாக்குவது அக்கூட்டத்தின் வழக்கம். இத்தகைய செய்தியைப் படித்த குடும்பத்தலைவன், "நம் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் என்ன?" என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆகவே இதனைப் பொறுமையுடன் ஆராய்வோம்.

நம் நூல்கள் தரும் இடம்

துறவியர்க்குரிய மாவிரதம் வேறு. இல்லறத்தார்க்குரிய அணுவிரதம் வேறு. ஹிம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்துக் கூறுவது நம் மரபு. கொல்ல வேண்டும் என்று கருதிச் செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் தாக்க வருபவனைத் தடுக்கும்போது நேர்வது விரோத ஹிம்சை. இந்நான்கனுள் முதலாவதை இல்லறத்தான் முற்றும் விடவேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்கவேண்டும் என்பர்.

எனவே தாக்க வந்தவன்முன் கைகட்டி நிற்பதே சமணம் என்பது தவறு. பத்தாம் நூற்றாண்டில் சிரவணபெளகொளாவில் பாகுபலியின் பேருருவை எழுப்பிய சாமுண்டராயர், கங்க மன்னரின் படைத்தலைவராகப் போர்க்களம் கண்டவர். அவரைச் சிராவகர் அல்லர் என்று எவரும் கூறவில்லை.

இதுவரை படித்தவர், "அப்படியாயின் துப்பாக்கிக்கும் தடையில்லையே" என்று முடிவு கட்டக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும். விரோத ஹிம்சைக்கு மன்னிப்பு ஏன்? அது தேடிச் சென்று செய்வதன்று. வந்த தாக்குதலுக்கு அந்நொடியில் எழும் மறுப்பு. துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து வாங்கி ஆயத்தமாக வைப்பது அந்நொடியில் நிகழ்வதன்று. அது பகலில், நிதானமாக, பல நாள் எண்ணிச் செய்யப்படுவது. ஆய வேண்டிய இடம் இதுவே.

தேர்வு என்பதன் உட்பொருள்

நம் நாட்டில் படைக்கலம் வைத்திருக்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ காவல்துறையின் அறிக்கை பெற்று அதனை வழங்குவர். பாதுகாப்புக்கென்று கேட்போர்க்குச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, குழல் 20 அங்குலத்திற்குக் குறையாத, உட்புறம் வரியில்லாத துப்பாக்கியை. நம் ஊர்களில் '12 போர்' என வழங்கும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இவ்வகையின. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ, அதுவே அக்குழலின் துளையளவு, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர்.

அடுத்துத் தோட்டா. பறவைகளுக்குரிய சிறு ரவைகள் நிறைந்தது ஒருவகை. மான், பன்றி போன்ற பெருவிலங்குகளுக்குரிய பெருங்குண்டுகள் சில அடங்கியது மற்றொருவகை. வீட்டுக் காவலுக்கு எதனை இடுவது? இக்கேள்விக்கு விடை காணும்போது மனிதன் உண்மையில் எண்ணுவது என்ன? ஒரு மனித உடலுக்குள் ஈயம் எவ்வளவு ஆழம் புகவேண்டும் என்பதையே. நேரிய சொற்களில் கூறினால் பொருள் அதுதான். ரவை சிதறிப் பரவுமாதலால் குறிபார்க்க வேண்டியதில்லை, எவரும் சாகமாட்டார், அச்சுறுத்தினால் போதும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அது மெய்யன்று. ஓர் அறையின் அகலத்திற்குள் அந்த ரவைகள் ஒரு கையகலத்திற்குமேல் பரவுவதில்லை; ஏறக்குறைய ஒரே திரளாகவே தாக்கும். குறி தவறினால் கதவையும் மெல்லிய தடுப்பையும் துளைத்து அடுத்த அறையில் உறங்குபவர்வரை செல்லவும் கூடும்.

இன்னும் ஒன்று. துப்பாக்கியைப் பூட்டி வைப்பதா, தோட்டாவிட்டுத் தலைமாட்டில் வைப்பதா? 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமம் கேட்போர் படைக்கலத்தைக் கையாளும் பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டும் என்றும், பத்திரமாக வைத்துக் காப்பதாக உறுதிமொழி தரவேண்டும் என்றும் கூறுகின்றன. அது முறையே. துப்பாக்கி இரும்புப் பேழையிலும் தோட்டா வேறிடத்திலும் இருந்தால் பேரக்குழந்தையின் கைக்கு எட்டாது. ஆனால் நள்ளிரவில் கதவு உடைபடும்போது முதியவரின் கைக்கும் எட்டாது. எட்டும்படி வைத்தாலோ, எல்லார் கைக்கும் எட்டும்: குழந்தையின் கைக்கும், மனமுடைந்த இளைஞனின் கைக்கும், சினம் தலைக்கேறிய நம் கைக்கும். பத்திரமாக வைத்தால் பயனில்லை. பயன்படும்படி வைத்தால் பத்திரமில்லை. தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கமாதலால், அந்நாட்களில் அதுவும் இல்லை.

துப்பாக்கிகள் மலிந்த அமெரிக்க நாட்டில் ஆர்தர் கெல்லர்மன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கியுள்ள வீடுகளில் வீட்டிற்குள்ளேயே கொலை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு மிகுந்திருக்கக் கண்டது. அவ்வாய்வைப் பற்றி வாதங்கள் உண்டு; அந்நாட்டு நிலையும் நம் நாட்டு நிலையும் ஒன்றல்ல. எனினும் அங்கு அப்பெருக்கம் பெரிதும் காணப்பட்டது, குடும்பத்தாராலும் நன்கறிந்தவராலும் நேர்ந்த கொலைகளிலேயே என்பது எண்ணத்தக்கது.

மாவினால் செய்த கோழி

யசோதர காவியத்தின் கதை நம் வாசகர்க்குப் புதிதன்று. தாயின் வற்புறுத்தலால் அரசன் மாவினால் ஒரு கோழி செய்து பலியிட்டான். உயிரெதுவும் போகவில்லை. ஆயினும் தாயும் மகனும் பல பிறவிகளில் விலங்காகவும் பறவையாகவும் பிறந்து துன்புற்றனர். கொல்லும் கருத்தோடு வாள் வீசப்பட்டதே அங்கு வினையாயிற்று. புறத்தே உயிர் போவது திரவிய ஹிம்சை. அகத்தே கொலையெண்ணம் எழுவது எண்ண ஹிம்சை. பின்னதே வேர்.

இனித் தோட்டாவிட்டுத் தலைமாட்டில் வைத்த துப்பாக்கியை நோக்குவோம். அதனை வைத்தவன் ஒருநாளும் சுடாமலே இருக்கலாம். ஆயினும் அது பயன்பட வேண்டுமாயின் அவன் ஒன்றை முன்னரே தீர்மானித்திருத்தல் வேண்டும்: இருளில் ஓர் உருவம் நின்றால் சுடுவேன் என்பதே அத்தீர்மானம். தீர்மானமில்லாதவன் கையில் துப்பாக்கி இருந்தும் வீண்; அது பறிக்கப்பட்டு அவன்மேலேயே திரும்பவும் கூடும். தீர்மானித்தவனோ, முகமறியாத ஒருவனை மனத்துள் ஒவ்வோர் இரவும் சுட்டுக்கொண்டே உறங்குகிறான். விரோத ஹிம்சை என்ற பெயரால் தொடங்கியது இவ்வாறு சங்கல்பமாக மாறிவிடுகிறது. நம் கருத்தில் இதன் முழுச் சிக்கலும் இதுவே.

ஒரு மறுப்பு

"காவலரை அழைக்கலாம் என்கிறீர்களே, அவர் இடுப்பிலும் துப்பாக்கிதானே இருக்கிறது? தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் மூன்றும் வினையே என்பது நம் நூல்களின் கருத்தன்றோ? உங்கள் கை தூய்மையாக இருக்கப் பிறர் கையைக் கறையாக்குவது அறமா?" என ஒருவர் வினவலாம். இது கூர்மையான வினா. எளிதில் தள்ளத்தக்கதன்று. காவலரும் படைவீரரும் இரவில் விழித்திருப்பதால்தான் நாம் உறங்குகிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். துப்பாக்கி இல்லாத வீடு என்று பெருமை பேசும் உரிமை நமக்கில்லை.

ஆயினும் வேறுபாடு உண்டு. காவலரை அழைப்பவன் கேட்பது காவலை, கொலையை அன்று. காவலர் விதிக்குக் கட்டுப்பட்டவர். சுட்டால் விசாரணைக்கு உட்பட்டவர். குற்றவாளியைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவதே அவர் கடமை. நள்ளிரவில் அச்சத்தோடு விழித்தெழும் இல்லத்தானுக்கு அந்நிதானமும் இல்லை, அக்கட்டுப்பாடும் இல்லை. பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையால் உயிர்க்கு ஊறு செய்வதே ஹிம்சை என்னும் இலக்கணம் அவனுக்கே மிகப் பொருந்தும்.

நாட்டின் சட்டமும் இங்கு எல்லை வகுக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, இரவில் வீடுடைத்துப் புகுவோரைத் தடுக்கையில் அவர்க்கு மரணமே நேரினும் தற்காப்புரிமை உண்டு என்கிறது. 37ஆம் பிரிவோ தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யலாகாது என்றும், அரசின் துணையை நாட நேரமிருந்தால் அவ்வுரிமை இல்லை என்றும் கட்டுப்படுத்துகிறது. சட்டம் பொறுப்பதனைத்தையும் அறம் ஏற்கும் என்பதில்லை. சட்டமே பொறுக்காததை அறம் எங்ஙனம் ஏற்கும்?

பகை வரும் வழி

கோவளத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு கோட்டை இருந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர் அதனைப் பீரங்கியால் பிடிக்கவில்லை. நோயுற்றோர்போல் நடித்து உள்ளே புகுந்து சூழ்ச்சியால் பிடித்தனர். 1752இல் கிளைவ் அதனைக் கைப்பற்றியபின் அரண்கள் தகர்க்கப்பட்டன. அண்மைக் காலத்திலும், 2022 மே மாதம் மைலாப்பூரில் முதிய தம்பதியர் கொல்லப்பட்டு, கோவளத்திற்குத் தெற்கே நெம்மேலியிலுள்ள அவர்களது பண்ணை வீட்டிலேயே புதைக்கப்பட்ட கொடுமையை நாடறியும். அவ்வழக்கில் கைதானவர்களுள் ஒருவர் அவர்களிடம் பணியாற்றிய ஓட்டுநர். நம்பிக்கையின் வாயில் வழியே வரும் பகையைத் தலைமாட்டுத் துப்பாக்கி தடுப்பதில்லை.

மாறாக, 2019 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் கடையம் அருகே கல்யாணிபுரத்தில், முகமூடியணிந்து அரிவாளோடு வந்த இருவரை முதிய தம்பதியர் விரட்டியடித்தனர். அவர்கள் கையில் கிடைத்தவை நாற்காலியும் செருப்பும். அம்மையார் கையில் காயமுற்றார், கழுத்துச் சங்கிலி பறிபோயிற்று, உயிர்கள் தப்பின. அரசும் அவர்களது வீரத்திற்கு விருதளித்தது. விரோத ஹிம்சையின் எல்லைக்குள் நிற்கும் காவல் எத்தகையது என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாமறியோம். தாக்குதல் வந்தது, அந்நொடியில் எதிர்ப்பு எழுந்தது, தாக்கியவன் ஓடியதும் எதிர்ப்பும் நின்றது. எல்லாருக்கும் இவ்வாறே வாய்க்கும் என்று நாம் கூறவில்லை. வாய்க்காமற்போகும் இரவும் உண்டு. அவ்விடர் மெய்யானது, துப்பாக்கி மறுப்பவன் அதனை அறிந்தே ஏற்கிறான்.

செய்யத்தக்கன

ஆகவே நாம் துணிவது இது. உயிரைக் காக்க எதிர்த்தல் இல்லறத்தானின் கடமை. ஆனால் மனிதனைச் சுடுவதற்கென்றே ஒரு கருவியைத் தேர்ந்து ஆயத்தமாக வைத்தல் அக்கடமையின் எல்லையைக் கடக்கிறது. வலிய கதவும் தாழ்ப்பாளும், முற்றத்து விளக்கும், குரைக்கும் நாயும், 112 என்ற அவசர எண்ணும், யாவற்றினும் மேலாக அழைத்தால் ஓடிவரும் அண்டை வீட்டாரும் நமக்கு அரண். வெளியூர் செல்வோர் காவல் நிலையத்திற்குத் தெரிவித்துச் செல்க.

கள்வனை வீட்டிற்கு அழைப்பது எது என்றும் எண்ண வேண்டும். உயிர்க்காவல் என்று நாம் சொல்வது பலவேளை பொன்காவலே. பொருளுக்கு அளவு செய்துகொள்ளும் பரிக்கிரகப் பரிமாண விரதம் இங்கு மறுமைக்கு மட்டுமன்று, இன்றைய இரவுறக்கத்திற்கும் துணை. நகை வங்கிப் பெட்டகத்தில் இருக்குமாயின், சங்கிலியைக் கேட்பவனிடம் சங்கிலியைக் கொடுத்து அனுப்பலாம். போன பொன் மீளும். ஒருவன் உயிரைப் போக்கிய கை பழைய கையாக மீளாது.

தந்தையோ பாட்டனோ வைத்திருந்த துப்பாக்கி சில வீடுகளில் இருக்கக்கூடும். உரிமம் பெற்றவர் மறைந்தபின் அது தானே மக்களுக்கு உரியதாகாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்தல் சட்டப்படி கடன். நினைவுப்பொருள் என்று அதனை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்ற விரும்புவோர் ஒன்றை எண்ணுக: பயனில்லாத் தீமைகளை விலக்கும் அனர்த்த தண்ட விரதத்தில், கொலைக்கருவிகளைப் பிறர்க்கு ஈவதை ஹிம்சாதானம் என்று சமந்தபத்திராசாரியார் விலக்கியிருக்கிறார். மகனும் பிறனே, கருவியும் கருவியே.

மாலையில் கதவைத் தாழிடும்போது கை தாழ்ப்பாளில் இருக்கட்டும். மனத்தில் எவர் முகமும் குறியாக இருக்க வேண்டா. வேலிக்கு அப்பால் நிற்பவன் கள்வனேயாயினும் அவனும் ஓர் உயிர்; அவனுக்கும் திருந்தும் நாள் ஒன்று உண்டு. அந்நாளை அவனிடமிருந்து பறித்துவிடாமல் நம் குடும்பத்தைக் காக்கும் வழிகளை முதலில் முற்றும் தேடுவோமாக.