ஹெடி லமாரின் மேசை

1942 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்க அரசு 22,92,387 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை வழங்கியது. ‘இரகசியத் தகவல் தொடர்பு முறை’ என்பது அதன் தலைப்பு. கண்டுபிடித்தவர்கள் இருவர்: ஹெடி கீஸ்லர் மார்க்கி, ஜார்ஜ் ஆன்தைல். முதலாமவரை அன்று சினிமா பார்க்கும் உலகம் முழுவதும் அறிந்திருந்தது, வேறு பெயரில். எம்.ஜி.எம். நிறுவனத்தின் நட்சத்திரம் ஹெடி லமார் அவர்தான். உலகின் பேரழகி என்று சொல்லியே அவர் படங்களை விற்றார்கள். காப்புரிமை விண்ணப்பத்தில் அவர் பிறந்த வீட்டுப் பெயரையும் மணந்தவரின் பெயரையும் போட்டார், திரைப்பெயரைப் போடவில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்து வடக்குப்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பெண்ணின் கதை அயல்நாட்டுக் கதை அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் ஓடத் தொடங்கி 2014-ல் நின்றது. அதன் பிறகு சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் கோக்கப்படுகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போய்ச் செய்துவைக்கும் அந்தப் போன்களில் புளூடூத் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையை 79 தடங்களாகப் பிரித்து, வினாடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவிக்கொண்டே பேசுவது அதன் அடிப்படை முறை. அலைவரிசை தாவினால் குறுக்கீடு தொடர முடியாது என்ற அந்த யோசனையை, தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து 1940-ல் யோசித்தவர்களில் ஒருவர் அந்த நடிகை.

அவர் பிறந்தது வியன்னாவில், 1914-ல். அப்பா வங்கி அதிகாரி. மகளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும்போது டிராம் எப்படி ஓடுகிறது, அச்சு இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுத்தவர். ஐந்து வயதில் ஓர் இசைப்பெட்டியைப் பிரித்துப்போட்டுத் திரும்பவும் பூட்டினாராம் அந்தப் பெண். பிரித்ததற்கு அடி விழாத வீட்டில் வளர்ந்த குழந்தை என்பதை நான் இங்கே முக்கியமாகக் கருதுகிறேன்.

1933-ல் ஃபிரிட்ஸ் மாண்டல் என்ற ஆயுத ஆலை முதலாளியை மணந்தார். கணவர் வீட்டு விருந்துகளில் படை அதிகாரிகளும் ஆயுத வியாபாரிகளும் உட்கார்ந்து பேசுவார்கள். மனைவி அந்த மேசைக்கு அலங்காரம். அலங்காரமாக உட்கார்ந்திருந்தவர் அவர்கள் பேசியதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அங்கிருந்த யாருக்கும் தோன்றவில்லை. 1937-ல் அந்த வீட்டை விட்டுத் தப்பினார். அடுத்த ஆண்டே ‘அல்ஜியர்ஸ்’ படத்தில் நடித்துப் புகழ் பெற்றார்.

ஹாலிவுட்டில் மாலை விருந்துகள் அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் வரைபட மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டார். தண்ணீரில் போட்டால் கோலா பானமாகும் வில்லை ஒன்றைச் செய்து பார்த்தார். அது வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. மீன், பறவைகளின் உடல் வடிவத்தைப் பார்த்து, விமான முதலாளி ஹோவர்டு ஹியூஸுக்கு இறக்கை வடிவம் பற்றி யோசனை சொன்னார். படப்பிடிப்பு முடிந்து களைத்து வந்தபிறகு, யாரும் கேட்காத, யாரும் கூலி தராத வேலை அது.

1940 செப்டம்பர் 17 அன்று ‘சிட்டி ஆஃப் பனாரஸ்’ என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. நம் காசியின் பெயரைத் தாங்கிய கப்பல். குண்டுவீச்சுக்குப் பயந்து இங்கிலாந்திலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில் 77 பேர் அட்லாண்டிக்கில் இறந்தார்கள். ஹெடி தன் கையிலிருந்த அறிவு முழுவதையும் இதைத் தடுக்கும் வழி தேடுவதில் திருப்பினார்.

நீர்மூழ்கியைத் தாக்கும் டார்பிடோவை வானொலி அலையால் ஓட்டலாம். ஆனால் எதிரி அந்த அலைவரிசையைக் கண்டுபிடித்துவிட்டால், அதே அலைவரிசையில் இரைச்சலைப் பரப்பிக் கட்டளையைச் செல்லாததாக்கிவிடுவான். அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே நேரத்தில், ஒரே ஒழுங்கில் அலைவரிசை மாறிக்கொண்டே இருந்தால்? எதிரி ஒன்றைப் பிடிக்கும்போது செய்தி இன்னொன்றுக்குப் போயிருக்கும். இரண்டையும் ஒன்றாக நடத்துவது எப்படி என்பதற்கு விடை வைத்திருந்தவர் ஆன்தைல். இசையமைப்பாளரான அவர், துளையிட்ட காகிதச் சுருளால் தானே வாசிக்கும் பியானோக்கள் பலவற்றை ஒன்றாக இசைக்கவைக்கப் பாடுபட்டவர். அதேபோன்ற சுருளைக் கப்பலில் ஒன்றும் டார்பிடோவில் ஒன்றுமாக வைத்து, ஒரே கணத்தில் ஓடவிட வேண்டும். துளை எங்கே வருகிறதோ அந்த அலைவரிசை. பியானோவில் இருக்கும் கட்டைகளைப் போலவே 88 அலைவரிசைகள்.

கடற்படை ஏற்கவில்லை. பியானோவையா டார்பிடோவுக்குள் வைப்பது என்று அதிகாரிகள் நினைத்திருப்பார்கள் என ஆன்தைல் பின்னால் வருந்தினார். ஹெடிக்குக் கிடைத்த அறிவுரை வேறு: உன் முகத்தைக் காட்டிப் போர்க் கடன் பத்திரம் விற்றுக்கொடு, நாட்டுக்கு அதுதான் உதவி. அவர் போய் விற்றும் கொடுத்தார், மனதாரவே. அவர் கொடுக்க வந்ததில் மிகச் சிறந்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எளிதாகக் கிடைப்பதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு மனிதருக்கு நாம் செய்யக்கூடிய அநியாயங்களில் இது பெரியது என்று நினைக்கிறேன். இதில் திட்டோ அடியோ இல்லை. பாராட்டிக்கொண்டே செய்ய முடிகிறது. அதனால்தான் செய்பவருக்கு உறுத்துவதும் இல்லை.

இன்று எதிர்த்திசையிலும் ஓர் அநியாயம் நடக்கிறது. வை-ஃபையைக் கண்டுபிடித்தவரே ஹெடி லமார்தான் என்று வாய்க்கு வந்தபடி எழுதுகிறார்கள். அது உண்மை அல்ல. அலைவரிசை மாற்றும் யோசனை அவருக்கு முன்பே ஐரோப்பாவில் பேசப்பட்டது. வேறு காப்புரிமைகளும் உண்டு. புளூடூத்தை உருவாக்கியவர்கள் 1990-களில் சுவீடனின் எரிக்ஸன் நிறுவனத்துப் பொறியாளர்கள். அவருடைய பங்கு, குறிப்பிட்ட ஒரு சிக்கலுக்குக் குறிப்பிட்ட ஒரு விடையைக் கண்டு, அதை வரைந்து, பதிவுசெய்தது. அதுவே போதும். மிகையாகப் புகழ்ந்தாலும் அவர் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போகும். அழகி என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் மேதை என்ற ஒற்றைச் சொல் வந்து உட்காரும், அவ்வளவுதான்.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வந்தது 1931-ல். அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி, தான் எழுதிய நாவலை 1936-ல் ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் தானே படமாக இயக்கினார். பானுமதி நடித்தார், பாடினார், கதை எழுதினார், இயக்கினார், கணவருடன் சேர்ந்து பரணி ஸ்டுடியோவை நடத்தினார். இவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் எடுப்பது எதை என்று யோசித்துப் பார்க்கலாம்.

நட்சத்திரங்களுக்கே இப்படியென்றால் ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களை என்னவென்று பார்க்கிறோம்? கழுத்தில் அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, இரவு ஷிப்ட் முடிந்த கண்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. பிளஸ் டூ அல்லது டிப்ளமா. ‘லைன்ல நிக்கிற பொண்ணு’ என்பதோடு அவர்களைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் ஒரே திருகைத் திருகுபவளுக்கு, அந்தத் திருகு எந்தக் கோணத்தில் பிடிவாதம் செய்யும், எந்தத் தட்டை எந்தப் பக்கம் வைத்தால் மணிக்கட்டு வலிக்காது என்பது தெரிந்திருக்கும். டார்கெட்டை எண்ணும் சூப்பர்வைசருக்கு அது தெரியாது. அவளிடம் கேட்க வேண்டும். கேட்டு, அவள் சொன்னது பலித்தால், அவள் பெயரிலேயே அதை எழுதிவைக்க வேண்டும். யோசனை ஒருத்தியுடையது, பெயர் மேலே இருப்பவருடையது என்பதைத் திருட்டு என்றே சொல்வேன்.

பெயர் போய்விட்டால் ஆளைப் பற்றி எதுவும் மிஞ்சாது என்பதற்கு வடக்குப்பட்டு மண்ணே சாட்சி. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. பல்லாயிரம் ஆண்டுக்கு முன் இதே இடத்தில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கிய கைகளின் வேலை. கல் கிடைத்துவிட்டது. எந்தப் பக்கம் தட்டினால் விளிம்பு கூராகும் என்று முதலில் கண்டவர் ஆணா, பெண்ணா என்பதுகூட இனித் தெரியப்போவதில்லை.

ஹெடியின் காப்புரிமை 1959-ல் காலாவதியானது. அதுவரை அந்தக் காப்புரிமையால் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. முதுமையில் முகத்தைத் தக்கவைக்க மீண்டும் மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, வெளியே தலைகாட்டாமல் ஃபுளோரிடாவில் வாழ்ந்தார். முகம் ஒன்றைத்தான் உலகம் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது போனபின் எதைக் கொண்டு வெளியே வருவது? 1997-ல் மின்னணு உரிமைக்கான அமைப்பு ஒன்று அவருக்கு விருது அறிவித்தது. இப்போதாவது வந்ததே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். விருதை மகன் போய் வாங்கினார். 2000 ஜனவரியில் இறந்தார். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2014-ல்.

நம் பக்கத்து வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. நல்ல காரியம், பத்துப் பேர் ஒரு வாடகை அறையில் முடங்கிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இந்தப் பகுதியில் இனி எழும் ஒவ்வொரு விடுதியிலும் படுக்கையோடு ஒரு கூடத்தையும் கேட்போம். நீளமான மேசைகள், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், பிரித்துப் பார்க்கப் பழைய போன்கள், வரையத் தாள்கள். பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரியாவிட்டாலும் யாரும் திட்டக் கூடாது. இரவு ஷிப்ட் முடித்து வருபவளுக்காகப் பகலிலும், பகல் ஷிப்ட் முடித்து வருபவளுக்காக இரவிலும் அது திறந்திருக்க வேண்டும்.