பிறந்தநாள் வீட்டு மேஜிக்கும் வாய்மையும்

கல்யாண வீட்டில் கைவித்தை காட்டுவது பாவமா? லித்துவேனியாவின் வில்னா நகரில் வாழ்ந்த யூத மத அறிஞர் ஆபிரகாம் டான்சிக் (1748–1820) ஆம் என்றே எழுதினார். அந்நாளைய யூதத் திருமணங்களில் ‘பத்கன்’ எனப்படும் விகடகவிகள் பாட்டும் கேலியுமாக விருந்தினரைச் சிரிக்க வைப்பார்கள். நடுநடுவே கண்கட்டு வித்தையும் காட்டுவார்கள். அப்படிக் காட்டுகிறவர் யூத மறையான தோரா விதித்த தடையை மீறுகிறார், அவரை வரவழைத்துச் செய்யச் சொல்பவருக்கும் அந்தக் குற்றத்தில் பங்குண்டு என்பது டான்சிக்கின் தீர்ப்பு.

இன்று சென்னையிலோ கோவையிலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்தநாள் விழா நடக்கிறது. கேக் வெட்டியாயிற்று. மேஜிக் காட்ட வந்தவர் சிவப்புக் கைக்குட்டையை மூடிய கைக்குள் திணிக்கிறார், ஊதச் சொல்கிறார், விரல்களை விரிக்கிறார். கை காலி! அடுத்து, பிறந்தநாள் குழந்தையின் காதுக்குப் பின்னாலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயம் வருகிறது. பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் கத்துகிறார்கள். இதில் போய்ப் பாவத்தைத் தேடுவது அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனாலும் டான்சிக்கை லேசில் ஒதுக்கிவிட முடியாது. அவருக்குப் பின்னால் நிற்பவர் மைமோனிடிஸ்.

12ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் மருத்துவராகவும் தத்துவ அறிஞராகவும் விளங்கிய மைமோனிடிஸ், யூத மறையின் 613 கட்டளைகளைத் தொகுத்தபோது கைவித்தையையும் விலக்கப்பட்டவற்றில் சேர்த்தார். கயிற்றை எல்லார் கண்முன்னும் ஆடை மடிப்பில் போட்டுப் பாம்பாக எடுப்பது, மோதிரத்தை மேலே எறிந்துவிட்டு எதிரில் நிற்பவர் வாயிலிருந்து எடுப்பது என்று அவர் உதாரணமும் தருகிறார். 800 ஆண்டுகளுக்குப் பிறகும் வித்தைக்காரர்களின் பட்டியல் பெரிதாக மாறிவிடவில்லை. சூனியம் என்பதே வெறும் பொய் என்று கருதியவர் அவர். ஆகவே பேய்க்கோ மந்திரத்துக்கோ அஞ்சி இந்தத் தடையை எழுதியிருக்க வாய்ப்பில்லை. அவருடைய கவலையெல்லாம் அறிவைப் பற்றியது. நடக்கவே முடியாததை நடந்ததாகக் காட்டிக்கொண்டே இருந்தால், எது இயலும், எது இயலாது என்று பிரித்தறியும் திறன் மழுங்கிப்போகும் என்றார். அப்படிப் பாதிக்கப்படுவோராக அறிவிலிகள், பெண்கள், சிறுவர்கள் என மூன்று வகையினரைக் குறிப்பிட்டார். பெண்களைச் சேர்த்தது அந்தக் காலத்தின் குறை. சிறுவர்களைச் சேர்த்ததில் நியாயம் இருக்கிறது.

நியூயார்க்கில் வாழ்ந்த யூத மதகுரு (ரப்பி) மோஷே ஃபைன்ஸ்டைன் (1895–1986) எதிர்ப்பக்கம் நின்றார். விவிலியத்தில் வரும் பலசாலி சிம்சோன் தன் உடல்வலிமையைக் காட்டினால் தவறில்லை என்றால், ஒருவர் தன் விரல்வேகத்தைக் காட்டுவது மட்டும் எப்படித் தவறாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டுமே இயல்பான திறமைகள்தாம். கைவித்தையை அனுமதிக்கும் வேறு சில ரப்பிகள் ஒரு நிபந்தனை போடுகிறார்கள்: இது கைவேகம்தான் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கிறித்தவ மரபிலோ, பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதிய புனித அகஸ்டீன் விளையாட்டுப் பேச்சைப் பொய்யின் கணக்கில் சேர்க்கவில்லை. சொல்கிறவரின் குரலும் பாவனையுமே அது விளையாட்டு என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கொடுத்த காரணம். பெரியவர்களுக்கு இது பொருந்தும். நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தப் பாவனை புரியுமா? அமெரிக்க உளவியலாளர்கள் கார்ல் ரோசன்கிரனும் ஆன் ஹிக்லிங்கும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. மேஜிக் காட்டுபவர் செய்வதை நான்கு வயதினர் பெரும்பாலும் உண்மையான மந்திரம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஐந்து வயதினரோ அதில் ஏதோ தந்திரம் இருப்பதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். பிறந்தநாள் விழாவில் இந்த இரு வயதினரும் ஒரே ஜமுக்காளத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு விளையாட்டாக இருப்பது அடுத்தவருக்கு உலகத்தைப் பற்றிய செய்தியாகப் போய்ச் சேர்கிறது.

பெரியவர்களைப் பற்றியும் நிம்மதி கொள்வதற்கில்லை. கலிபோர்னியாவின் லாங் பீச் பல்கலைக்கழக வகுப்புகளில் ஒருவரை வரவழைத்துச் சில எளிய வித்தைகளைச் செய்துகாட்ட வைத்தார்கள். அந்த ஆய்வு 1980இல் வெளியானது. இவர் அமானுஷ்ய சக்தி உள்ளவர் என்று சில வகுப்புகளிலும், இவர் மேஜிக் காட்டுபவர்தான் என்று வேறு சில வகுப்புகளிலும் அறிமுகம் செய்தார்கள். பின்னதைக் கேட்ட மாணவர்களிலும் கணிசமானோர் அவருக்கு அபூர்வ சக்தி இருக்கிறது என்றே எழுதிக்கொடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், தன் நண்பரான மேஜிக் கலைஞர் ஹூடினி எத்தனை முறை மறுத்தும், அவரிடம் இயற்கையை மீறிய ஆற்றல் இருப்பதாகவே கடைசிவரை நம்பினார்.

ஆகவே மைமோனிடிஸின் அச்சம் வீண் அச்சமில்லை. அதற்காகத் தடை விதிப்பதும் சரியான மருந்தாகாது. தீங்கு தராத சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் தந்த அளவுகோல். அதை வைத்துப் பார்த்தால், காலியான கையைக் காட்டுவதில் தீங்கு ஏதும் பிறப்பதில்லை. வித்தை முடிந்த பிறகு பேசப்படும் பேச்சில்தான் அது பிறக்கக்கூடும். வித்தை முடிந்ததும் குழந்தைகள் இரண்டு கேள்வி கேட்பார்கள். “எப்படிப் பண்ணீங்க?” என்பது ஒன்று. “நிஜமாவே உங்களுக்கு மந்திரம் தெரியுமா?” என்பது மற்றது. முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டு போகலாம். ரகசியம் காப்பது தொழில் மரபு, அது யாரையும் ஏய்ப்பதாகாது. இரண்டாவது கேள்வியிலிருந்து நழுவ வித்தைக்காரருக்கு உரிமை கிடையாது. “ஆமாம், எனக்குச் சக்தி இருக்கிறது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதுவரை விளையாட்டாக இருந்தது அந்த இடத்திலேயே பொய்யாகிவிடுகிறது.

கத்தோலிக்கர்கள் போற்றும் புனித ஜான் போஸ்கோ (1815–1888) மாணவப் பருவத்திலேயே இந்த இரண்டாவது கேள்வியைச் சந்தித்தவர். இத்தாலியின் கியேரி ஊரில் படித்தபோது அவர் காட்டிய வித்தைகளைப் பார்த்து, பிசாசின் துணை இருக்குமோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். பாதிரியார் ஒருவர் கூப்பிட்டு விசாரித்தார். அப்போது மணி என்ன என்று பார்க்கப் போன பாதிரியாரின் கடிகாரம் காணவில்லை, பணப்பையும் காணவில்லை. அவர் பதறி அதட்டியதும், எல்லாவற்றையும் எப்போது எடுத்தார், எங்கே மறைத்தார் என்று போஸ்கோ ஒன்றுவிடாமல் விளக்கினார். பாதிரியார் சிரித்துவிட்டு, இன்னும் சில வித்தைகளைச் செய்துகாட்டச் சொன்னாராம். பிற்காலத்தில் போஸ்கோ தம் நினைவுக் குறிப்புகளில் இதை மகிழ்ச்சியாகவே பதிவு செய்திருக்கிறார்.

இந்தியத் தத்துவத்தில் வித்தைக்காரருக்குக் கிடைத்த இடம் இன்னும் பெரியது. பிரம்மசூத்திர பாஷ்யத்தில் சங்கரர் ஒரு மாயாவியைக் காட்டுகிறார். அவன் வாளும் கேடயமுமாகக் கயிற்றில் ஏறி ஆகாயத்தில் போவது போல் கூட்டத்துக்குத் தோன்றுகிறது. உண்மையான மாயாவியோ தரையிலேயே நிற்கிறான். தான் காட்டும் மாயை அவனை எக்காலத்திலும் தீண்டுவதில்லை என்று வேறோர் இடத்தில் சொல்கிறார். பிரம்மத்துக்கும் உலகத்துக்கும் உள்ள உறவை விளக்கவே சங்கரர் இந்த உவமையை எடுத்தார். அத்வைதத்தை ஏற்காதவருக்கும் அதிலிருந்து ஒன்று கிடைக்கும். அதே வித்தையை மைமோனிடிஸ் அறிவுக்கு ஆபத்தாகப் பார்த்தார். சங்கரரோ கண்ணுக்குத் தெரிவதெல்லாம் உள்ளதாகிவிடாது என்பதற்குப் பாடமாக எடுத்துக்கொண்டார். ஆபத்தா பாடமா என்பது, தரையில் நிற்பவனைப் பற்றிக் குழந்தைக்கு யாராவது சொல்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைக் கோவை போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் (1930–2009) நன்றாக அறிந்திருந்தார். காற்றிலிருந்து திருநீறு வரவழைப்பது போன்ற ‘அற்புதங்களை’ ஊர் ஊராகப் போய்த் தாமே செய்துகாட்டி, அதிலுள்ள கைவேலையையும் விளக்கினார். அவர் செய்தது தொழில் ரகசியத்துக்கு இழைத்த துரோகமில்லை. வித்தையைத் தெய்வ சக்தி என்று சொல்லி ஒருவர் காசும் காலில் விழுதலும் பெறும்போது, அந்த ரகசியத்தைக் காக்கும் கடமை யாருக்கும் இல்லை. பிறந்தநாள் மேஜிக்காரர் அப்படிப்பட்டவர் இல்லைதான். ஆனால் இப்போது சில நிகழ்ச்சிகளில் மனத்தைப் படிக்கும் ஆற்றல், மூன்றாம் கண் என்றெல்லாம் அறிமுகம் செய்கிறார்கள். குழந்தைகள் முன்னால் அந்தப் பேச்சுக்கு இடம் தரக்கூடாது.

அடுத்த பிறந்தநாளுக்கு மேஜிக் ஷோ ஏற்பாடு செய்யும் பெற்றோர், தொகை பேசும்போதே இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளலாம். “நான் காட்டப்போவது வித்தை, பழகினால் உங்களுக்கும் வரும்” என்று தொடக்கத்திலேயே அவர் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். முடிவில் ஒரே ஒரு எளிய வித்தையை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் வேண்டும். பத்து ரூபாய் நோட்டை மூன்று மடிப்பாக வளைத்து, இரண்டு பேப்பர் கிளிப்பை மாட்டி, இரு முனையையும் பிடித்து இழுத்தால் கிளிப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு விழுமே, அது போதும். அதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.